சிவப்புச் சேவல் அரிசி

ரங்கூனுக்கு வந்த புதிதில், நான் அரிசி ஆலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி மா சேன் வாசலில் நின்று, "தமீன் சா பீபீலா?" என்பாள். தமீன் என்றால் சோறு என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் நாட்டுச் சோற்றைத் தின்று தீர்த்தாயா என்று குத்திக் காட்டுகிறாளாக்கும் என்று நினைத்து, "ஆமா, தின்னாச்சு, இப்ப என்னங்கறீங்க?" என்று தமிழிலேயே எரிந்து விழுவேன். அவள் சிரிப்பாள். சாப்பிட்டாச்சா என்ற வெறும் குசல விசாரிப்பு அது என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

அந்தக் கேள்வி சுட்டதற்குக் காரணம் இருந்தது. ஆலையில் அரிசிச் சாக்கின் வாயைத் தைப்பது என் வேலை. சிவப்புச் சேவல் முத்திரை போட்ட அந்தச் சாக்குகள் கப்பலேறி, சங்ககிரியில் ரயிலிறங்கி, எங்கள் திருச்செங்கோட்டுச் சந்தைக்கே போய்ச் சேருகின்றன. ஜேடர்பாளையம் வாய்க்கால் பாய்ச்சலில் நெல் போடும் என் தம்பி ராமசாமி, கேட்பாரில்லாமல் தன் அரிசியைத் திரும்ப வண்டியேற்றுகிறான். "அண்ணா, உங்க சேவல் எங்க கழுத்த அறுக்குதுங்க. அதுக்கு வரி போடச் சொல்லுங்க" என்று கடிதம் வேறு. யாரிடம் போய்ச் சொல்ல? நான் சாக்குத் தைக்கிறவனப்பா, கவர்னரா?

ஆலைக் குமாஸ்தாவிடம் புலம்பினேன். "சரக்கு தடையில்லாமல் போய்வந்தால் இரண்டு கரைக்கும் நன்மை" என்றார். பொய் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். போன முறை ஊருக்குப் போனபோது, புன்செய்க் காட்டில் கூலி வேலை செய்யும் காத்தான், "முன்னெல்லாம் தீவாளிக்குத்தானுங்க நெல்லுச் சோறு. இப்ப சேவல் அரிசியில வாரம் ரெண்டு நா ஆக்கறமுங்க" என்று பூரித்தான். வரி போட்டால் தம்பி பிழைப்பான், காத்தான் களிக்குத் திரும்புவான், என் வேலையும் போகும். அட போங்கய்யா!

போன வாரம் தம்பியே கப்பலில் வந்து இறங்கினான். வயலைத் தரிசாகப் போட்டுவிட்டு, நான் வேலை செய்யும் ஆலைக்கே கூலியாக வந்திருக்கிறான். தோளில் ஒரு மூட்டை.

"இங்க நல்ல அரிசி கெடைக்குமோ என்னமோன்னு கொண்டாந்தனுங்ணா. நம்ம வயல்ல கடைசி வெள்ளாமை."

ரங்கூனுக்கு அரிசி! அதுவும் சந்தையில் பொறுக்கிய சிவப்புச் சேவல் சாக்கில். வாயைக் கோணல்மாணலாகத் தைத்திருந்தான். இந்தத் தையலுக்கு இவனை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அந்த அரிசியைச் சமைத்து உண்டுவிட்டு, இருவரும் ஆலைக்குக் கிளம்பினோம். மா சேன் வாசலில் நின்றாள்.

"தமீன் சா பீபீலா?"

"என்னங்ணா கேக்கறாங்க?" என்றான் தம்பி.

"நம்ம சோத்தத் தின்னு தீத்தாச்சான்னு கேக்கறாங்கடா" என்றேன்.