கம்பி இல்லாத ஓட்சுகா

ஹிரனுமா தோகுஜி எங்கள் மின் நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பம் ஏறினார். டோக்கியோவின் ஓட்சுகா வட்டாரத்தில் எந்தக் கம்பத்தில் எந்தக் காக்கை கூடு கட்டும் என்பதுவரை அவருக்குத் தெரியும். ஓட்சுகாவுக்குத்தான் அவரைத் தெரியாது. கரண்ட் இருக்கும்போது எவன் நிமிர்ந்து பார்க்கிறான்? போனால் மட்டும் மொத்தத் தெருவும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துத் திட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில் அவர் ஓய்வு பெற்றபோது பரிசு வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் புகார் எழுதிக்கொள்கிற குமாஸ்தா. மேஜையில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்ததால் கலை ரசனை உள்ளவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற, ஒகிட்சு என்பவர் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்றை வாங்கினேன். மழை விட்ட மாலை நேரத்து ஓட்சுகா. சரிவான தெரு, ஈர ஓடுகள், ஒரு டிராம், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம்.

விலாங்கு மீனும் பீருமாக விருந்து நடந்தது. ஹிரனுமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"ஜன்னல்ல எல்லாம் விளக்கு எரியுது."

"ஆமாண்ணே. அழகா இல்ல?"

"எதுல எரியுது?"

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். படத்தில் ஒரு கம்பம் இல்லை, ஒரு கம்பி இல்லை. டிராம்கூடத் தலைக்கு மேல் எதுவும் இல்லாமல் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. மின் நிறுவனத்து ஆட்கள் நாற்பது பேர் கைமாற்றிக் கைமாற்றி ரசித்த படம் அது. மேலாளர் இருமிவிட்டு இன்னொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து ஹிரனுமாவின் மனைவி மசுயோ எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நீங்க குடுத்த படத்தச் சுவரப் பாத்துத் திருப்பி வச்சிருக்காரு. சாப்பிட உக்காந்தா, 'நான் என்ன, இத்தன வருசமா ஆகாசத்துலயா தொங்குனேன்?'னு என்னயக் கேக்குறாரு. எனக்கு என்ன தெரியும்? வரைஞ்சவர்கிட்டயே கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தெருக்காரர்கள் காசு கொடுத்துக் குளிக்கும் குளியல்கடை மூலையில் நிற்கும் கம்பம் மட்டுமாவது படத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகும் வழக்கம் இல்லை. பயற்றுப் பூரணம் வைத்த பன் ஒரு பெட்டி வாங்கி, அழகாகத் துணியில் முடிந்து எடுத்துப்போனோம்.

ஒகிட்சு பன்னை வாங்கிக்கொண்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"கம்பத்தப் பாத்தேங்க. நிறையவே இருந்துச்சு. கண்ண உறுத்துச்சு, எடுத்துட்டேன்."

ஹிரனுமா தரையில் கையூன்றித் தலை தாழ்த்தினார். "இத்தன வருசம் கண்ண உறுத்துனதுக்கு மன்னிக்கணும், வாத்தியாரே."

ஓவியருக்கு அது உறைக்கவில்லை, பெருந்தன்மையோடு தலையாட்டினார். "புதுசா ஒரு கட்டை செதுக்கிக் கம்பத்தச் சேக்க முடியும். ஆனா சேக்க மாட்டேன். வானம் கெட்டுப்போகும்."

"சேக்க வேணாம். விளக்க அணைச்சிடுங்க. கம்பி இல்லாம எரியுற விளக்கு திருட்டு விளக்கு. நாங்க எத்தன பேரப் பிடிச்சிருக்கோம்!"

ஒகிட்சு முதன்முறையாகச் சிரித்தார். "அது சுலபம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. மஞ்சளுக்குத் தனி. அத அழுத்தலன்னா ஊரே இருட்டு." மற்ற நிறமெல்லாம் ஏறி, மஞ்சள் மட்டும் பாக்கியிருந்த ஈரத்தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "இந்தாங்க. உங்க நியாயத்துக்கு ஒரு படம்."

ஹிரனுமா குனிந்து பார்த்தார். நான் அவர் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். கம்பம் இல்லை, விளக்கும் இல்லை, கணக்கு நேர். சரிவு முழுக்க ஜன்னல்கள் வெளிறிக் கிடந்தன. அவர் விரல் தாளுக்கு மேலே, தொடாமல், வீடு வீடாக நகர்ந்தது.

"இது பல் டாக்டரு. இது குளியல்கடை." விரல் நின்றது. "இது பிரசவம் பாக்குற அம்மா வீடு."

விரலை எடுக்காமலே ஒகிட்சுவை நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரே, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போட முடியுமா?"

"முடியாதுங்க. எல்லா ஜன்னலும் ஒரே கட்டையில இருக்கு. போட்டா எல்லாத்துக்கும், இல்லன்னா யாருக்கும் இல்ல."

"கம்பம்?"

"கம்பம் கிடையாது."

ஹிரனுமா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"இருப்பா," என்றார். "போடுங்க, வாத்தியாரே. எல்லாத்துக்கும் போடுங்க."

ஒகிட்சு மஞ்சளைக் கட்டையில் பூசி, தாளை மூலை பொருத்திக் கவிழ்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நிறம் ஏறத் தாளின் முதுகில் தேய்க்கிற வட்டத் தட்டை ஹிரனுமாவிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வீடும் விட்டுப்போகாதபடி ஓரம்வரை அழுத்தித் தேய்த்தார்.

தாளைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்து அறைக்கும் கேட்கிற குரலில், தெருவில் நிற்பவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வந்துருச்சு!"