மேளம் இல்லாமலும் ஆடிய பிளஸ்ஸி

பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டைக் குதிரையின் வாயிலும் சின்னதைத் தன் வாயிலும் திணித்துவிட்டு, செங்கல் அடுக்கில் சாய்ந்து டீக் கிளாஸைத் தொப்பை மேல் நிறுத்திக்கொள்கிறார் ஏசுபாதம் அண்ணன். கிளாஸ் ஒரு தடவைகூடச் சரிந்ததில்லை. தெருப் பையன்கள் நாங்கள் பின்னால் போய்த் தும்மிப் பார்த்திருக்கிறோம், பலூன் உடைத்துப் பார்த்திருக்கிறோம். குதிரைதான் மிரண்டது.

இடம், அஸ்தினாபுரத்தில் ஒரு காலி மனை. ‘இந்த மனை விற்பனைக்கு அல்ல’ என்று காம்பவுண்டுச் சுவரில் சிவப்பு எழுத்து. மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். யாரும் ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சாவியைக் கொடுத்தார். அண்ணன் குதிரையை வைத்து ஆக்கிரமித்துவிட்டார். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு தண்ணீர்த் தொட்டி.

மாப்பிள்ளை அழைப்புக்கும் காதுகுத்துக்கும் குதிரை விடுவது அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. தெருவில் குதிரையோடு திரும்பும்போது அவரே கையை நீட்டி இண்டிகேட்டர் போடுவார். மூன்று வயதுப் பெண் குதிரை, பெயர் பிளஸ்ஸி. சர்ச் பாடகர் குழுவில் அதே பெயரில் ஒரு பெண் இருக்கிறாள். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்த நேரத்தில் “பிளஸ்ஸி, கொள்ளு சாப்ட்டியா?” என்று கத்தியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு மட்டும் தெரியும். “நம்ம பொண்ணு பேரக் கெடுக்காதடா” என்று என்னிடம் சொன்னார். எந்தப் பெண் என்று சொல்லவில்லை.

பிளஸ்ஸி ஆடும். அதுதான் அதன் பெருமை. மற்ற குதிரைக்காரர்கள் சாட்டையும் கயிறுமாகப் பழக்கித்தான் ஆட வைப்பார்கள் என்பது அண்ணனின் குற்றச்சாட்டு. “நான் ஒரு அடி அடிச்சதில்ல. அதுவா வந்த கல இது” என்பார். நடுப்பகல் இரண்டு மணிக்கு, மேளமும் இல்லாமல் ஆளும் இல்லாமல், தகரக் கூரையின் கீழ் அது முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். வலது, இடது, வலது. “பாத்தியா? பிராக்டிஸ் பண்ணிகினு கீது. நீயும்தான் கீறியே, பரீட்சைக்கு மொத நாளுகூட பொஸ்தகத்தத் தொடாம.”

அந்தப் பிராக்டிஸை வீடியோ எடுத்து, பேண்டு மேளம் ஒட்டி, ரீல்ஸாகப் போட்டவன் நான். குளம்பு விழும் இடத்தில் அடி விழுகிற மாதிரி வெட்டி ஒட்டினேன். பாலிடெக்னிக்கில் எனக்கு வராத அறிவெல்லாம் அதில் வந்தது. ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள். அதன் பிறகு ஊரப்பாக்கத்திலிருந்தும் வண்டலூரிலிருந்தும் “அந்த ஆடுற குதிரைதான் வேணும்” என்று அண்ணனுக்குப் போன் வர ஆரம்பித்தது.

முதலில் சந்தேகப்பட்டவர் அவருடைய மனைவி ரத்தினபாய் அக்கா. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்ப்பவர். எந்தப் பிள்ளை நடிக்கிறது, எந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே வயிற்று வலி என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். “படுத்தா எழுந்துக்க மாட்டேங்குது. முட்டியத் தொட்டா சுடுது” என்று அண்ணனிடம் இரண்டு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது வாரம் அவரே கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் ஈவ்லின் மெல்லப் பேசுகிறவர். முட்டியை அழுத்திப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்க ஆள் வரவழைத்தார். படத்தைப் பார்த்த பிறகு கேட்டார்: “மேளம் இல்லாதப்பவும் ஆடுமா?”

“ரெஸ்ட்டே எடுக்காது டாக்டர்!” அண்ணன் முகமெல்லாம் பல். “டேய், அந்த வீடியோவக் காட்டுடா.”

நானும் பெருமையோடு போனை நீட்டினேன். டாக்டர் வாங்கிய உடனே செய்த முதல் காரியம், சத்தத்தை முழுதாகக் குறைத்தது.

மேளம் போனதும் அதில் ஆட்டம் இல்லை. தரையில் காலை ஊன்ற முடியாமல் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. வலது காலை ஊன்றும், தாங்காது, எடுக்கும். இடதை ஊன்றும், அதுவும் தாங்காது. காது பின்னால் மடிந்திருந்தது. எத்தனையோ முறை பார்த்த வீடியோ. நான் அந்தக் காதைப் பார்த்ததே இல்லை.

“ஆர்த்ரைட்டிஸ். ரெண்டு முட்டியிலயும்” என்றார் டாக்டர்.

“மூட்டுவாதமா? அது வயசானவங்களுக்குத்தானே டாக்டர் வரும்? இது கொழந்த.”

“எலும்பு முத்தறதுக்கு முன்னாடியே ஆள ஏத்தி தார் ரோட்ல நடத்தினா குழந்தைக்கும் வரும்.”

இரண்டு வழி சொன்னார். முட்டிக்குள் ஊசி போட்டு, ஆறு மாதம் மணல் தரையில் ஓய்வு. அதற்குப் பிறகும் அதன் முதுகில் ஆள் ஏறக்கூடாது. இல்லையென்றால் மாத்திரை கொடுத்து வலியை மறைத்து வேலை வாங்கலாம். “ரெண்டு வருஷத்துல நிக்கவே முடியாமப் போயிடும். அப்ப என்னைக் கூப்பிட்டா, நான் வேற ஊசியோடதான் வரணும்.”

அண்ணன் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழம ஒரு கல்யாணம் கீது. இப்பவே ஊசி போட்டா அன்னிக்கி ஆடுமா?”

“வலி குறைஞ்சா எதுக்கு ஆடப்போகுது?”

“அப்போ,” என்றார் அண்ணன். சொல்லலாமா என்று யோசித்து, சொல்லியும் விட்டார். “திங்கக்கிழம ஆரம்பிச்சிக்கலாமா?”

ரத்தினபாய் அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். “இப்ப பேசுனது நீதானா?”

சிமெண்டுத் தரையில் குளம்பு மாறும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளிக்கிழமை காலை வருவதாகவும், வேண்டாமென்றால் முன்னாலேயே போன் செய்துவிடும்படியும் சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அந்த ரீல்ஸை அன்றைக்கே அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று நாள் கழித்துத்தான் அழித்தேன். இரண்டு லட்சத்தைத் தொட்டுவிடும் போல இருந்தது.

மறுநாள் அண்ணன் மனைக்குள்ளேயே போகவில்லை. தீனி வாளியை கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நின்றார். பிளஸ்ஸி நொண்டிக்கொண்டு அவரிடம் வந்தது. அவர் சுவருக்கு இந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை, “வண்டிய எடு” என்றார் என்னிடம். ஊரப்பாக்கத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அப்பா தட்சிணாமூர்த்தி வாசலில் பந்தல்காரர்களிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“இன்னா ஏசுபாதம், குதிரைக்கு ஒடம்பு சரியில்லையாமே? ஞாயித்துக்கிழமக்குள்ள சரியாயிடுமில்ல?”

“சரியானா ஆடாது சார்.”

“இன்னாய்யா ஒளர்ற?”

“அது ஆடவே இல்ல சார். கால் வலி. தரையில கால வைக்க முடியாமத் தூக்கினு இருந்திச்சி. நான்தான் டான்ஸுன்னு சொல்லி ஊரெல்லாம் கூட்டினு சுத்துனேன்.”

தட்சிணாமூர்த்தி முதலில் சிரித்தார். பிறகு அவருக்கு ஏதோ நினைவு வந்தது. “தை மாசம், பெரியவன் கல்யாணத்துல ஆடிச்சே? நான்கூட நோட்ட அது தலயச் சுத்திப் போட்டேனே?”

“அதுவும் வலிதான் சார்.”

பந்தல்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி அண்ணனைப் பார்க்காமல், “நான் கார் வெச்சிக்கிறேன். நீ போய்யா” என்றார்.

திரும்பும் வழியில் ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் பின் சீட்டிலிருந்து அண்ணன் குரல்: “ஜொரம்னு சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும் இல்ல?” நான் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருக்கலாம். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன். வழியில் இறங்கி, ஒரு லோடு மணலுக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்தார். லேசான மயக்க மருந்து கொடுத்து, இரண்டு முட்டியிலும் முடியை மழித்து, மஞ்சள் மருந்தால் துடைத்தார். பிளஸ்ஸி புது மணலில் தலையைத் தொங்கவிட்டு நின்றது. தலைக் கயிற்றைப் பிடித்திருந்த அண்ணன், திடீரென்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை மடித்துக் குதிரையின் முகத்துக்குக் கொண்டுபோனார்.

“கண்ணக் கட்ட வேணாம் ஏசுபாதம். அது பேசாமத்தானே நிக்குது” என்றார் டாக்டர்.

“நிக்குது டாக்டர். என்னையே பாத்துகினு நிக்குது.”

இரண்டு கண்ணும் மறைகிற மாதிரி சட்டைக் கைகளைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகுதான் அதன் கழுத்தில் கை வைத்தார்.