மூன்று விரல் குறைத்த கண்ணாடி

என் வீட்டுக்காரி ஒன்றை முடிவு செய்துவிட்டால் யாராலும் அவளை அசைக்க முடியாது. இருபத்திரண்டு வருடமாக அசைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் ஓடுவாள். நான் தையல்காரன், வீட்டு முன்னறையிலேயே கடை. அவள் ஊர் சுற்ற, நான் வீட்டில் ஊசி கோக்க, தெருவே எங்களைக் கிண்டல் செய்யும். செய்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

போன மாதம் அந்த வண்டிக்கு உயரமான பிளாஸ்டிக் முன்கண்ணாடி ஒன்று மாட்டினோம். மழைக்கு நல்லது என்று வாங்கிவந்த புத்திசாலி நான்தான். அன்று பிடித்தது சனி. கண்ணாடியின் மேல்விளிம்பில் ஏறிவரும் காற்று நேராக அவள் ஹெல்மெட்டில் மோதியது. தலை கிடுகிடுவென்று ஆடியது. வண்டியை விட்டு இறங்கி அரைமணி ஆனாலும் காதுக்குள் இரைச்சல் ஓயவில்லை.

அந்த இரைச்சலோடு ஒரு கர்ப்பிணியின் வயிற்றில், காதுவைத்துக் கேட்கும் குழலை வைத்தாள். குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே குழந்தை நன்றாக இருந்தது. குடும்பமே ஒரு பகல் முழுக்க அழுததுதான் மிச்சம்.

"இன்னொரு தடவை இப்படி வயித்துல புளியக் கரைச்சீங்கன்னா, வேற நர்ஸ அனுப்பச் சொல்லிடுவேன்" என்றாளாம் அந்தப் பெண்ணின் மாமியார்.

அன்று என் வீட்டுக்காரி சாப்பிடவில்லை. "காது கேக்காத நர்ஸ் எதுக்குங்க? நாளைக்கு நிஜமாவே ஏதாவது ஆகி, எனக்குக் கேக்காம போயிட்டா?"

"கண்ணாடியக் கழட்டிப் போட்டுடலாமா?"

"மழை மொத்தமும் மருந்துப் பையில எறங்கவா? சும்மா இருங்க."

மறுநாள் ஒரு தெளிவோடு வந்தாள். ஓட்டும்போதே சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிப் பார்த்தாளாம். தலை அந்தக் காற்றுக்கு மேலே போனதும் இரைச்சல் அடங்கிவிட்டதாம். "கண்ணாடிய மூணு விரல் கொறைச்சாப் போதும்" என்றாள்.

அளவெடுப்பது என் தொழில், விடுவேனா? அவளை ஹெல்மெட்டோடு வண்டியில் உட்காரவைத்து, கண்ணாடியில் டேப் ஒட்டிக் கோடு போட்டேன். கழற்றி, துணி வெட்டும் மேசையில் வைத்து, பொடிப்பல் ரம்பத்தால் மெதுவாக அறுத்தேன். வேகமாக அறுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மாட்டியதும் எனக்கே பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் கடுகடுவென்று வந்தாள். "அப்படியேதான் ஆடுது." வெட்டி எறிந்த துண்டை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். "ரெண்டு விரல்தான் இருக்கு. மூணாவது எங்க?"

எனக்கு முகம் செத்துப்போனது. எந்தச் சட்டை தைத்தாலும், பின்னால் பிரித்துவிட வசதியாக உள்ளே ஒரு விரல் துணி விடுகிறவன் நான். முப்பது வருடக் கைப்பழக்கம் கண்ணாடியிலும் வேலையைக் காட்டியிருக்கிறது.

"இல்ல, பின்னாடி தேவைப்பட்டா..."

"இது என்ன சட்டையா, நான் குண்டானா பிரிச்சு விடறதுக்கு? குடுங்க இப்படி!"

ரம்பத்தைப் பிடுங்கி அவளே அறுத்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பாதியில் கண்ணாடி 'டக்'கென்றது. விரிசல் விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அவள் நிறுத்தவே இல்லை.

"கோணலா இருக்கே" என்றேன் கடைசியில்.

"காத்து என்ன, ஸ்கேல் வச்சா பாக்கப் போகுது?"

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். நாற்பது கிலோமீட்டரும் அவள் ஹெல்மெட் ஆடவில்லை. முதல் வீடே அந்த மாமியார் வீடு. "மறுபடியும் நீங்களா சிஸ்டர்?" என்று வாசலிலேயே முகத்தைத் திருப்பினாள் அந்த அம்மா.

இவள் நேரே உள்ளே போய் மருமகளைப் படுக்கவைத்தாள். குழலை வயிற்றில் வைத்தாள். தாயின் நாடியோடு குழம்பிவிடக் கூடாதென்று இன்னொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"தொண்ணூறுதான் இருக்கு. வயித்துக் குழந்தைக்கு இது ரொம்பக் கம்மி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும், இப்பவே."

"போன தடவையும் இதேதானே சொன்னீங்க!" என்று மாமியார் கத்தினாள். இதுவும் தப்பாகிவிட்டால் என் வீட்டுக்காரி இந்த வேலையையே விட்டுவிடுவாள்.

அவள் குரல் உயரவில்லை. "போன தடவ எனக்குக் கேக்கல, அதான் அனுப்பினேன். இன்னிக்கு நல்லாக் கேக்குதும்மா. அதனாலதான் அனுப்பறேன்."

மாமியார் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, வண்டியை எடுக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டாள்.

தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். ஒரு மணி நேரத்தில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. அது அழுத அழுகை ஆஸ்பத்திரி வராந்தாக் கோடியில் நின்ற எனக்கே கேட்டது.