மச்சானின் இத்தாலி, மாப்பிள்ளையின் ஜெர்மனி

அந்தப் பட்டறைக்கு முதல்முறை போகிறவர்களுக்குத் தெரிவது ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ மட்டும்தான். மீதி ஆள் ஏதாவது ஒரு காருக்கு அடியில் இருப்பாள். "யாரு?" என்ற கேள்வியும் அங்கிருந்துதான் வரும். கை வேலையில் இருக்கும்போது தலையை வெளியே நீட்டுவது மெக்கானிக்கம்மாவுக்கு வழக்கமில்லை.

அப்படி ஷூவைப் பார்த்து அறிமுகமானவர்கள்தான் கான்ட்ராக்டரும் பல் டாக்டரும். கான்ட்ராக்டரின் தங்கையைக் கட்டியவர் டாக்டர். மச்சான் கான்ட்ராக்டரிடம் ஒரு பழைய சிவப்பு இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார். மாப்பிள்ளை டாக்டரிடம் அதே வயதில் சாம்பல் நிற ஜெர்மன் கார். பட்டறையில் பாதி வேலை இந்த இரண்டு வண்டிகளால் வந்ததுதான்.

இருவருக்கும் வாய்ச்சண்டை ஓயாது. ஜெர்மன்காரன் செய்தது இஞ்சினைப் பின்னால் வைத்துவிட்டு முன்னால் தேடுகிற வண்டி என்பார் மச்சான். உங்கள் வண்டி போடுகிற சத்தம் பாட்டுக் கச்சேரிக்குத்தான் லாயக்கு என்பார் மாப்பிள்ளை. ஒருநாள் பேச்சு முற்றிப்போய், மெக்கானிக்கம்மாவே இரண்டையும் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாகிவிட்டது. எதை உசத்தி என்றாலும் மற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பட்டறை தேடிப் போவார். அடி தன் வயிற்றில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தாலி வண்டியை முதலில் எடுத்தாள். ஆயில் சூடேறும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது; சூடேறியபின் பார்த்த திசையில் வளைவுகளில் வெண்ணெயாய்த் திரும்பியது. ஜெர்மன் வண்டி சாவியைத் திருப்பியதும் தயார். ஆனால் கனமெல்லாம் பின்னால். வளைவுக்குள் நுழைந்தபின் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வீசிவிடும். அழுத்திப் பிடித்தால் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும்.

இறங்கி வந்து துணியில் கையைத் துடைத்தாள்.

"ரெண்டும் நல்ல வண்டிதாங்க. ஆனா ஆள் மாறி மாட்டிக்கிச்சு."

கான்ட்ராக்டருக்குப் பொறுமை கிடையாது, வண்டி சூடாகுமுன் மிதிக்கிறார், அதனால்தான் அந்தக் கியர் அடிக்கடி பட்டறைக்கு வருகிறது என்றாள். டாக்டர் வளைவுக்கு வளைவு காலை எடுக்கிறார், பின்பக்கத் தகடு நசுங்குவது அதனால்தான் என்றாள்.

"ஒரே போடா ரெண்டு பேரையும் போட்டுட்டியேம்மா" என்று கான்ட்ராக்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வண்டி போச்சு என்று அவள் மறுபடி காருக்கு அடியில் படுத்தாள்.

அடுத்த வாரம் டாக்டரின் மனைவி இருவரையும் பட்டறைக்கே கூட்டி வந்தாள். தினமும் வீட்டில் இதே புலம்பலாம். ஒரு மாதம் வண்டியை மாற்றி ஓட்டிப் பாருங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

கான்ட்ராக்டருக்குச் சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை. "மாப்பிள்ளை, என் தங்கச்சியக் குடுத்தப்பகூட நான் இவ்வளவு யோசிக்கல."

"அப்ப யோசிச்சிருந்தா எனக்காவது பிரயோஜனமா இருந்திருக்கும்ணே" என்றாள் தங்கை. டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாதம் முடிந்தது. சாவியைத் திருப்பிக் கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை. கியரும் கெடவில்லை, தகடும் நசுங்கவில்லை.

மெக்கானிக்கம்மா இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறாள். அந்த இரண்டு வண்டிகளும் ஆயில் மாற்ற மட்டும் வந்துபோகின்றன. அவை நின்ற இடத்தில் இப்போது ஒரு பேக்கரி வேன் நிற்கிறது; ஷூ அதன் அடியில் தெரிகிறது.