இரண்டு இன்ச் இறக்கிய கார்

பக்கத்து வீட்டுப் பையன் நேற்று சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். வேலைக்குப் போகிறவன், புதுக் கார் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "மாமா, காரை எறக்கறதுக்கு ஸ்பிரிங் பாத்துட்டு இருக்கறனுங்க. ஒன்னரை இன்ச் போதுங்களா, ரெண்டு இன்ச் எறக்கிறலாங்களா?" என்றான். திரையில் சிவப்பு வர்ணம் பூசிய நாலு சுருள்கள். "எனக்கென்ன சாமி தெரியும்" என்று அனுப்பிவிட்டேன். அவன் கேட்டதில் தப்பில்லை, கேட்க வந்த இடம்தான் சரியில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் இதே பைத்தியம் பிடித்து அலைந்தவன். எழுபதுகளின் கடைசி. சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் தோட்டம். சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் எனக்கு வேலை. மூன்றாவது கை மாறி வந்த கறுப்புக் கார் ஒன்றை அப்பா வாங்கினார். ஊரே லாரிக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுப் பாரம் தாங்க வைத்துக்கொண்டிருந்தபோது, வண்டியைத் தாழ்த்த அலைந்தவன் நான் ஒருத்தன்தான். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் தரையோடு ஒட்டின மாதிரி ஒரு பந்தயக் கார் படம் பார்த்துவிட்டேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. கேட்க வேண்டுமா!

சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் பாய் ஒருவர் ஸ்பிரிங் கடை வைத்திருந்தார். வற்றல் மிளகாய் மூட்டையின் நெடியும் கிரீஸ் வாசமும் கலந்து தும்மல் தும்மலாக வரும். இன்றைக்கும் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை, அந்தச் சந்துதான் ஞாபகம் வருகிறது. பாய் எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பார். "எத்தன பேரு போவீங்க? எந்த ரோடு?" எங்கள் வீட்டில் கார் என்றால் ஆறு பேர், ஏழு பேர். எங்கள் தடமோ இரண்டு பக்கம் வேலியும், மாட்டு வண்டி ஓடி ஓடி நடுவில் மேடு தட்டிப்போன இட்டேரி. உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. "ரெண்டு பேருதானுங்க பாய். எல்லாம் தார் ரோடு" என்றேன்.

அவர் மேசைமேல் முன்சக்கரத்துக்கான சுருள் இரண்டு ஜோடி வைத்தார். ஒன்று ஒரு இன்ச் இறக்கும், கம்பி தடிமன். இன்னொன்று இரண்டு இன்ச். "இது காலி வண்டிக்கு அழகு தம்பி. பாரம் ஏறினா அப்படியே உக்காந்துக்கும்." நான் அதைத்தான் வாங்கினேன். பின்பக்கம் பட்டையிலும் ஒன்றைக் கழற்றச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி மட்டும், "ஏண்ணா, காரு குனிஞ்சு நிக்குது?" என்று கேட்டாள். "பேசாம இருடி" என்றேன். சிரித்தாள்.

ஒரு பங்குனி மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "கொழந்த குறுக்க கெடக்குதுங்க. சேலத்துக்குக் கொண்டுபோயிருங்க, நிக்க வேண்டாம்." தங்கச்சியைப் பின்சீட்டில் சாய்த்தோம். அம்மாவும் மருத்துவச்சியும் ஏறினார்கள். முன்னால் அப்பா. அதோடு கதவைச் சாத்தியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் அன்றைக்குத்தான் அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் ஏறின சொந்தக்காரரை இறங்கச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதிலும் சம்பந்தியைச் சொன்னால் உறவே அறுந்துபோகும். இருவரும் ஏறினார்கள். வண்டி அமுங்கியது. "ஸ்பிரிங்க எறக்கிட்டனுங்க, தாங்காதுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களே இறங்கியிருப்பார்கள். சம்பந்திக்கு முன்னால் அப்பாவிடம் திட்டு வாங்க என் கவுரவம் விடவில்லை. பாழாய்ப்போன கவுரவம்!

தனியாகப் போகும்போது ஒரு சக்கரத்தை நடுமேட்டில் ஏற்றி ஓட்டப் பழகியிருந்தேன். அன்றைக்கு அப்படி ஏற்றினால் வண்டி சாய்ந்து தங்கச்சி கத்தினாள். வண்டித் தடப் பள்ளத்திலேயே இறக்கினேன். மேட்டில் புதைந்திருந்த கல் அடியில் இடித்தது. "என்னடா?" என்றார் அப்பா. "ஒன்னுமில்லீங்கப்பா." ஆயில் தொட்டி கிழிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் இன்னொரு தோட்டத்துக்காரர் கார் நின்றிருந்தது. ஆனால் நிறுத்தினால் எல்லாரும் குனிந்து அடியில் பார்ப்பார்கள். நான் நிறுத்தவில்லை. தார் ரோட்டில் ஏறி இரண்டு மைல் போனதும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

வெயிலில் ஒரு மணி நேரம் கை காட்டினோம். பருத்தி லாரி ஒன்று நின்றது. அந்த உயரத்துக்கு அவளை நாலு பேர் தூக்கினோம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்ணா?" என்றாள். "இதா வந்திருச்சு சாமி" என்றேன். சங்ககிரி தாண்டுவதற்குள் பிடியை விட்டுவிட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை.

கருமாதிக்கு முன்பே வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப்போய், எஞ்சினைச் சரிபண்ணும் சாக்கில் யாருக்கும் தெரியாமல் பழைய ஸ்பிரிங்குகளையும் மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று நீங்கள் கேட்டால், இருந்தேன்.

அப்பா தடத்தின்மேல் பழி போட்டார். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு வருஷக்கணக்காக நடந்தார். கடைசியில் கிளுவை வேலியை வெட்டி, மேட்டைச் சீவி, தார் போட்டார்கள். இன்றைக்கு அங்கே இட்டேரி இருந்த அடையாளமே இல்லை. வேலியில் கத்தின கௌதாரிகள் இல்லை. கார் எடைக்குப் போனது. பாயும் போய்ச் சேர்ந்தார். அப்பா கண் மூடுகிற வரைக்கும், "அந்த நாசமாப்போன இட்டேரிதாண்டா எம்புள்ளையக் கொன்னுச்சு" என்று புலம்பினார். நான் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் காலை அமுக்கிக்கொண்டே, "ஆமாங்கப்பா, ஆமாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.