திரும்பிப் பார்க்காத ஆம்ப்ரோஸ்

ஜோசபினுக்குத் தன் கணவர் ஆம்ப்ரோஸ் மேல் தீராத வருத்தம் ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து அவர் சிங்கப்பூருக்குக் கிளம்பும்போதெல்லாம், வேன் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்று கையாட்டுவாள். அந்த மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கல்நெஞ்சக்காரர் என்று மாமியாரிடமே சொல்லி அழுதிருக்கிறாள். அவர் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கே வந்துசேர்ந்த பிறகும் அந்த முள் உள்ளேயே கிடந்தது. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்.

மகள் பெதானி தன் சம்பளத்தில் இருவரையும் சிங்கப்பூர் சுற்றிப் பார்க்க அனுப்பியிருந்தாள். இன்று கடைசி நாள், சாயங்காலம் விமானம். ஊரில் போய் இறங்கிவிட்டால் அடுப்படி வேலையே சரியாக இருக்கும், இதைப் பேச வாய் வராது. இன்றைக்குக் கேட்டே தீருவது என்று ஜாலான் புசாரில் தங்கியிருந்த ஓட்டல் அறையிலேயே ஜோசபின் முடிவு செய்துவிட்டாள்.

ஆம்ப்ரோஸுக்கோ வேறு கவலை. வந்த நாளிலிருந்து அவர் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் கட்டட வேலை பார்த்த ஊர். "கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்" என்று பீற்றிக்கொண்டவர், எந்த இடமானாலும் பஸ் தாண்டிப் போன பிறகுதான் "அடடா, அதான் அது!" என்று கழுத்தைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை கண்டு, சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டு முடித்ததும், "பிடோக்ல நான் பூச்சு வேல செஞ்ச ப்ளாக்கக் காட்டுறேன், வா" என்று கடைசி வீம்பாகக் கிளம்பினார்.

பிடோக்கில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள். பஸ் போய்க்கொண்டே இருந்தது. இதுவா என்பார், இல்லை என்பார். கடைசி நிறுத்தமும் வந்துவிட்டது.

"நான் பூசுறப்ப நம்பரே எழுதல ஜோசு. ரோட்ட எல்லாம் மாத்திட்டாங்க லா." அந்த ஊர் 'லா' வேறு! விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

"நெசமாவே இங்கதான் இருந்தீங்களா? இல்ல, வேற எங்கயாச்சும் குடும்பம் நடத்துனீங்களா?"

வழக்கமாகச் சிரிப்பவர் சிரிக்கவில்லை. முகம் தொங்கிப் போயிருந்தது. ஏன்தான் கேட்டோமோ என்று அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

திரும்பிவரும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் இரண்டு இருக்கைகள்தான் காலி. தலை சுற்றும் என்று முனகிக்கொண்டே ஜோசபின் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போயிருக்கும், ஆம்ப்ரோஸ் துள்ளி எழுந்துவிட்டார்.

"அந்தா! படிக்கட்டுச் சன்னல் நீளமா இருக்கு பாரு, அதான்! ஏழாவது மாடி வராந்தா பூரா என் கைதான்!"

பிறகு வாய் ஓயவில்லை. அந்தப் பள்ளிவாசல், பக்கத்துச் சாப்பாட்டுக் கடை, மழைக்கு எல்லாரும் ஒரே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பாலம் என்று ஒன்று விடாமல் காட்டினார். பையன் மாதிரி ஆகிவிட்டார்.

"போறப்ப ஒண்ணும் தெரியல. இப்ப மட்டும் எப்படிங்க?"

அவரும் கொஞ்சம் யோசித்தார். "வேலைக்குப் பின்னாடி தொறந்த லாரிலதான் கொண்டுபோவாங்க. டிரைவருக்கு முதுகக் காட்டிக்கிட்டுத் தரையில ஒக்காந்திருப்போம். இந்த ஊர நான் எதுத்தாப்புல பாத்ததே இல்ல புள்ள."

ஜோசபின் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் கேட்ட கேள்விதான், ஆனால் இப்போது அதில் சண்டை இல்லை.

"என்னைய ஒரு வாட்டியாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாம்ல?"

இந்தத் தடவை அவர் மழுப்பவில்லை.

"லாரில தெனம் எல்லாமே சின்னதாகிச் சின்னதாகிப் போறதத்தான் பாத்தேன். நீயும் அப்படிப் போறதப் பாத்துட்டு வந்தா, இங்க அதேதான் கண்ணுல நிக்கும். கெளம்புறப்ப வாசல்ல முழுசா நின்னியே, அதப் பாத்துட்டு ஏறிட்டேன். அடுத்த லீவு வரைக்கும் அது போதும்."

ஜோசபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்நெஞ்சக்காரராம்! மாமியார் உயிரோடு இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பாள்.

சாயங்காலம் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் ஏறினார்கள். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜோசபின் பின்கண்ணாடி வழியாக இருவருக்குமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.