இட்லித் தட்டில் ஒரு கிலோ கறி

எண்பதுகளின் நடுவில் போடியில் எங்கள் தெருவிலேயே பிரிட்ஜ் இருந்த ஒரே வீடு என்னுடையது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கமிஷன் கடையின் முதலாளி புதிதாக ஒன்று வாங்கினார். பழையதை என் தலையில் கட்டினார். கதவின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து துருப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் எனக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெட்டியைச் சமையலறையில் வைக்கச் சொன்னாள் மனைவி. அங்கே வைத்தால் தெருவில் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? முன்னறையில், வாசலுக்கு நேராக வைத்தேன். யார் வந்தாலும் ஐஸ் தண்ணீர் கொடுத்தேன். இருமிக்கொண்டு வந்தவருக்கும் கொடுத்தேன். ஒரே மாதத்தில் பெட்டி தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா சுத்த சைவம். கோவிலுக்குக் கட்டிய மல்லிகையை வாழையிலையில் சுருட்டிக் கொண்டுவந்து வைப்பார். அடுத்த வீட்டு மாவு, பின்வீட்டுப் பால், யாருடையது என்றே தெரியாத ஒரு கிண்ணம் தயிர். எங்கள் பொருளாக உள்ளே இருந்தது ஒரு எலுமிச்சம்பழம் மட்டும்தான்.

பச்சைக் கறி மட்டும் அதற்குள் போனதில்லை. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கினால் மத்தியானம் குழம்பு, ராத்திரி மிச்சம், அதோடு கதை முடிந்தது. பச்சைக் கறியை மறுநாளுக்கு வைப்பது என்ற பேச்சே கிடையாது.

அந்தப் பேச்சு வந்தது என் மச்சானால். என் மனைவிக்கு அண்ணன்; அவளைத் தூக்கி வளர்த்தவர். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். நாங்கள் கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்தபோது ஒரு தப்பு நடந்துபோனது. தங்கச்சி தனி அடுப்பு மூட்டுகிறாள் என்றால் முதல் பானையும் அரிசியும் அண்ணன் கொண்டுவர வேண்டும். அது மழைக்காலம், மலைப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு ஓடவில்லை. குறித்த நல்ல நாளைத் தள்ளிப்போடவும் முடியவில்லை. என் அம்மா கடைக்குப் போய் ஒரு பானையை வாங்கிவந்து பாலைக் காய்ச்சிவிட்டார். அன்றிலிருந்து மச்சான் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வருவார், நின்றபடியே ஒரு டம்ளர் மோர் குடிப்பார். "சோலி கெடக்கு ஆத்தா, வர்றேன்" என்று படியிறங்கிவிடுவார். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் பேசியிருக்கலாம். மோர் குடிக்கிற மனிதரிடம் என்னவென்று பேசுவது?

அவர் போன பிறகு என் மனைவி அந்த டம்ளரை வெகுநேரம் கழுவுவாள்.

ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கிய ஜீப்புக்காரரிடம் மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார்: திங்கட்கிழமை ஏலக்காய் லோடோடு வருகிறார், அன்று முழுக்கப் போடியில்தான் இருப்பார்.

"இந்தத் தடவ அவுகள உக்கார வச்சுச் சோறு போட்டே ஆகணும்" என்றாள் மனைவி. "வெறும் சோறு இல்ல. நெஞ்செலும்புக் குழம்பும் சுக்கா வறுவலும். அந்த வாசத்த விட்டுட்டு எங்க அண்ணனால எந்திரிச்சுப் போக முடியாது."

"திங்கக்கிழம நம்ம பக்கம் எவன் ஆடு அறுக்குறான்?"

"அதுக்குத்தான நடுவீட்டுல ஒரு பொட்டிய நிப்பாட்டி வச்சிருக்கீக?"

எனக்கு உடம்பெல்லாம் பெருமை ஏறிவிட்டது. "கறிய எங்கிட்ட விட்ரு. அதெல்லாம் ஒரு தொழில்நுட்பம்" என்றேன். என்ன தொழில்நுட்பம் என்று எனக்கும் தெரியாது.

ஞாயிறு காலை ஒரு கிலோ வெள்ளாட்டுக் கறி வாங்கி வந்தேன். அதை நான் எப்படி வைத்தேன் என்று சொல்வதற்கு முன்னால் என் மூளை எங்கே பழுத்தது என்று சொல்ல வேண்டும். கமிஷன் கடைக்கு வருமுன் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நாலைந்து வருஷம் இருந்தேன். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைச் சூடேற்றிக் காயவைக்கும் அறை. காயைக் கம்பிவலைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். அறைக்குள் ஆவி கட்டினால் சன்னலைத் திறந்து வெளியே விட வேண்டும். விடாவிட்டால் காய் பச்சை நிறம் போய், பழுப்படித்துவிடும்; ஏலத்தில் அதைச் சீண்ட ஆள் இருக்காது. மூடி வைத்தது கெடும், காற்றாடப் பரப்பியது நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் இதுதான்.

கம்பிவலைத் தட்டுக்கு வீட்டில் எங்கே போவது? இட்லித் தட்டு இருந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. கறியைக் கழுவிய ஈரத்தோடு துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இட்லிக் குழிகளில் அழகாகப் பரப்பினேன். குளிர் மேலேதானே இருக்கிறது என்று மேல் தட்டிலேயே வைத்தேன். மூடவில்லை. பிறகு அவ்வப்போது கதவைத் திறந்து, ஆவி போகட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். தெருவில் தெரிந்தவர் யாராவது போனால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன்.

"என்ன அண்ணே, பொட்டி ரிப்பேரா?" என்று கேட்டார் ஒருவர்.

"இல்லப்பா, பதம் பாக்குறேன்."

மத்தியானத்துக்கு முன்னால் மனைவி எலுமிச்சம்பழம் எடுக்கப் போனாள். பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இட்லித் தட்டின் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் சிவப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது நேராக எதிர்வீட்டு அக்காவின் மல்லிகைமேல். அங்கிருந்து வழிந்து அடுத்த வீட்டு மாவுக்குள்.

"ஏங்க, இங்க வாங்க. இது என்னங்க?"

"காத்தாடப் பரப்பியிருக்கேன். ஆவி கட்டக் கூடாதுல்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் யாராவது என்னைப் பற்றிச் சரியாக விசாரித்தார்களா என்கிற பார்வை.

"இது ஏலக்காயாங்க? காய வைக்கவா சொன்னேன்? கெடாம வைக்கத்தான சொன்னேன்? ஐயோ, எங்க அண்ணன் இதத் தின்னு வயித்தால போச்சுன்னா இந்தத் தெருப் பக்கமே தல வச்சுப் படுக்க மாட்டாக."

அவள் குரல் உடைந்ததும் என் விஞ்ஞானம் உடனே அடங்கிவிட்டது.

ஒரு துண்டை எடுத்து மோந்தாள். விரலால் அமுக்கினாள். இன்னொன்றை மோந்தாள். நல்லவேளை, பெட்டி என்னையும் மீறிக் குளிர்ந்திருந்தது, கறி கெடவில்லை. மாவையும் தயிரையும் சாக்கடையில் கொட்டினாள். மல்லிகை குப்பைக்குப் போனது. பெட்டிக்குள் சோடா மாவுத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். இட்லித் தட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். என்னையும் போட்டிருப்பாள், பாத்திரம் பத்தவில்லை.

கறியை ஒட்டப் பிழிந்தாள். மஞ்சள், உப்பு, மிளகாய்த் தூள், அரைத்த இஞ்சி பூண்டு, அடுப்படியில் மிச்சமிருந்த கொஞ்சம் புளித்த தயிர், ஒரு மூடி எலுமிச்சை. பிசைந்து, பிசைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் சட்டை போட்ட மாதிரி மசாலாவைப் பூசினாள். எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடியை இறுக்கி, தூக்கை ஒரு தாம்பாளத்தில் நிறுத்தி, பெட்டியின் அடித் தட்டில் தள்ளினாள்.

"ஒழுகுறது எதுவா இருந்தாலும் அடியிலதாங்க இருக்கணும். இதுக்கு மேல நிக்கிறதெல்லாம் ஊரான் வீட்டுச் சாமான்."

கடைசியாக அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தூக்கின் மூடிமேல் வைத்தாள். கறி கொண்டுபோகும்போது பேய் அண்டாமல் இருக்கக் கரி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"பொட்டிக்குள்ளதான் லைட்டு எரியுதே, பேய் எப்பிடி வரும்?" என்றேன்.

"கதவச் சாத்துனா லைட்டு அணைஞ்சிரும்னு நீங்கதான் ஊருக்கெல்லாம் சொன்னீக."

நான்தான் சொல்லியிருந்தேன்.

எதிர்வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் போய்ப் புது மல்லிகை வாங்கிக்கொண்டு போனேன். நடந்ததைக் கேட்டு அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"சிவ சிவா! எம் பூவுல ஆட்டு ரத்தமா தம்பி?"

"தெரியாமப் பண்ணிட்டேங்கா. இனிமே பூவுக்கு மேல ஒண்ணும் வராது. மேல்தட்டு ஒங்களுக்கு, அடித்தட்டு எங்களுக்கு. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

"எழுத்தெல்லாம் வேணாம். ஒம் பொண்டாட்டி சொன்னா நம்புவேன். ஒன்னய நம்ப மாட்டேன்" என்றார். நியாயமான பேச்சு.

அன்று தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணத்தது. எங்கள் வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. "ஒரு ரெண்டு துண்டு எடுத்து..." என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்ததும் கத்தரிக்காய் எனக்கு மிகவும் பிடித்த காய் என்பது ஞாபகம் வந்துவிட்டது. சாயங்காலம் வரை பெட்டியைத் திறக்க எனக்கு அனுமதி கிடையாது. பால் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவளே எடுத்துக் கொடுத்தாள். திறந்த வேகத்தில் சாத்தினாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது கரண்ட் இல்லை. மலைப் பக்கம் காற்று வீசினால் போடியில் கரண்ட் போவது அப்போதெல்லாம் சகஜம். நான் எழுந்ததும் பெட்டியிடம் ஓடினேன். ஒரே ஒரு தடவை திறந்து, குளிர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று கைப்பிடியில் கை வைத்தேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க தெறந்து பாத்தாத்தான் குளிர் போகும். குளிச்சிட்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போங்க. அண்ணனக் கூட்டிட்டு வராம வராதீக."

வெயில் ஏறுமுன் அவளே தூக்கை எடுத்தாள். திறந்து மோந்து பார்த்தாள். தூக்கின் வெளிப்பக்கம் இன்னும் வியர்த்திருந்தது. "சில்லுனு இருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் சட்டையே போட்டேன்.

மச்சான் லோடை இறக்கி முடித்துத் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளே. தங்கச்சி சொகமா? ஒரு எட்டு வந்து மோர் குடிச்சிட்டு வெரசா கெளம்பிருவேன்."

"மோர் இல்ல மச்சான். கரண்ட் இல்லாம தயிரெல்லாம் கெட்டுப்போச்சு" என்றேன். தயிர் முந்தின நாளே சாக்கடைக்குப் போனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மோரே இல்லாத வீட்டில் எதைக் குடித்துவிட்டுக் கிளம்புவது என்று அவர் யோசித்துக்கொண்டே கூட வந்தார்.

தெருமுனையிலேயே சுக்காவின் மணம் வந்துவிட்டது. அவர் நடை கொஞ்சம் தயங்கியது. வாசலில் செருப்பை விட்டார். உள்ளே இலை போட்டிருந்தது. இலைக்குப் பக்கத்தில் மனைவி நின்றாள். அவர் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துண்டை மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன்.

சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. ஒரு வாய் எடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"திங்கக்கிழம எங்க மாப்ளே ஆடு அறுத்தாக?"

சமையலறை வாசலில் மனைவியின் கரண்டி அப்படியே நின்றது. பெரியகுளத்தில் என்று சொல்லலாம், மதுரையிலிருந்து ரயிலில் வந்தது என்றும் சொல்லலாம். பொய்க்கு எனக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை.

"நேத்து வாங்குனது மச்சான். பொட்டியில வச்சிருந்தோம்."

அவர் கை இலைமேலேயே நின்றது. "ஐஸ் பொட்டிக் கறியா?"

இனிமேல் போவதற்கு மானமும் இல்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இட்லித் தட்டு, ஆவி போகக் கதவைத் திறந்தது, அக்காவின் மல்லிகை, கரித்துண்டு எல்லாம். ஸ்டோர் வேலை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இட்லித் தட்டுக்கு வந்ததும் உதட்டைக் கடித்தார். ஆவிக்கு வந்ததும் அடக்க முடியவில்லை.

"வெறகும் மூட்டிருந்தா நல்ல பச்சக் கலருல வந்திருக்கும் மாப்ளே! ஏலத்துல தனி ரேட்டு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க என்னத்தத் தின்னீக ஆத்தா?"

"கத்திரிக்கா."

"ஒரு கிலோ கறிய வச்சுக்கிட்டா?"

"அது ஒனக்குன்னு வாங்குனது" என்றாள். பேச்சில் மரியாதை எல்லாம் கழன்று, சின்னப் பிள்ளையில் அண்ணனைக் கூப்பிட்ட மாதிரி வந்துவிட்டது.

அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். நெஞ்செலும்பை உறிஞ்சினார். சுக்காவை இரண்டாம் முறை கேட்டார். "உப்பு நல்லா உள்ள எறங்கியிருக்கு" என்று இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆனா ஆத்தா, என்ன இருந்தாலும் அன்னைக்கு அறுத்த கறி மாதிரி வராது. மொதலாளிகிட்டச் சொல்லிட்டு இனிமே ஞாயித்துக்கெழமயே எறங்கிர்றேன்."

ரசம் ஊற்ற வேண்டிய நேரம் அது. ரசச் சட்டியோடு நின்ற என் மனைவிக்கு எதுவும் கண்ணில் தெரியவில்லை. சட்டியை வாங்கி நான் ஊற்றினேன். பாதி சோற்றில் விழுந்தது, பாதி மச்சானின் வேட்டியில். கொதிக்கிற ரசம். அவர் தொடையைத் தூக்கிக்கொண்டாரே தவிர, இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.